கனடாவுக்குப் போகுமுன் இங்குள்ள காசை என்ன செய்வது?

கொக்குவிலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 53. தனியார் கம்பனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் கணக்காளர். மனைவிக்கு 55, அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. ஸ்காபரோவில் இருக்கும் மகள் ஸ்பொன்சர் செய்து நிரந்தர வதிவிட விசா வந்துவிட்டது. இன்னும் நாலு மாதத்தில் பயணம். இரண்டு வங்கிகளிலும் ஒரு நிதிக் கம்பனியிலும் நிலையான வைப்பு இருக்கிறது. ஈபிஎப் என்கிற ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, மனைவியின் பென்சன் வரவேண்டும், ஒரு வீடு இருக்கிறது, பாதி கட்டிய ஒரு சீட்டும் ஓடுகிறது. எல்லாவற்றையும் மூடிக் காசாக்கிக்கொண்டு போவதா, வட்டி வருகிறதே என்று இங்கேயே விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் கேள்வி. மனைவி வெளிநாடு போனால் பென்சன் நின்றுவிடும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியும் இருக்கிறார்கள்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டில் குடியேறியதற்காக அரசாங்க ஓய்வூதியம் நிற்பதில்லை. ஆனால் அது நின்றுபோகிற இடங்கள் வேறு இரண்டு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

காசைப் பற்றி என்னுடைய கருத்து இது. வட்டி கூடவா குறையவா என்பதை யோசிப்பதற்கு முன், இந்தக் காசு நாளைக்கு எந்த வழியால் வெளியே வரும் என்பதை யோசியுங்கள். வங்கியில் வேலை செய்த காலத்தில் நான் கண்ட கரைச்சல்களில் முக்கால்வாசி வட்டியால் வந்தவை அல்ல. ஆள் ரொறன்ரோவில், கையெழுத்து இங்கே, போன் நம்பர் செத்துப்போய்விட்டது, புத்தகத்தில் ஒரு பெயர், பாஸ்போட்டில் இன்னொரு பெயர் என்று வந்தவைதான். நீங்கள் இங்கே நேரில் நிற்கிற இந்த நாலு மாதத்தின் பெறுமதி அப்புறம்தான் தெரியும்.

ரூபாயின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் 'வட்டிக்கு விட்டுவிட்டுப் போகலாம்' என்ற யோசனை அங்கேதான் ஆட்டம் காண்கிறது. 2021இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்போது பத்து இலட்சம் ரூபாய் வைப்பு என்றால் 5,000 டொலர். 2022 மார்ச் 7ஆம் திகதி நாணய மாற்று வீதத்தைத் தளர்த்தினார்கள். இரண்டு மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அதே பத்து இலட்சம் 2,800 டொலருக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த வருடக் கடைசியில் வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தபோது, புதிதாக வைப்புப் போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். பழைய வைப்புக்காரர்களோ விழுந்த பள்ளத்தை அந்த வட்டியால் நிரப்ப முடியாமல் நின்றார்கள். இங்கேயே சாப்பிட்டு இங்கேயே செலவழிக்கிற ஒருவருக்கு ரூபாய் வைப்பு நல்லதுதான். கனடாவில் வாடகை கட்டப்போகிறவருக்கு அது ஒரு சூதாட்டம் மாதிரி. அதனால் இங்கே விடவேண்டிய ரூபாய் என்பது, இங்கே செலவழியப்போகிற ரூபாய் மட்டும்தான்: வீட்டு வரி, தண்ணீர் மின்சாரம், கோயில் காரியம், நீங்கள் ஊருக்கு வந்து நிற்கும் மாதங்களின் செலவு, வயதானவர்கள் இருந்தால் அவர்களின் மருந்துச் செலவு. அதைக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் வைத்தால் போதும்.

சரி, மற்றதை எப்படிக் கொண்டுபோவது? வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அந்த வருடம் நவம்பர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நிரந்தர வதிவிடம் பெற்றுப் போகிறவருக்குக் குடிபெயர்வுப் படி என்று ஒரு உரிமை உண்டு. ரூபாய்ச் சொத்தை டொலராக்கி வெளியே அனுப்புவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. முதல் தடவைக்கு ஒரு பெரிய தொகையும், பிறகு வருடா வருடம் ஒரு சிறிய தொகையும் என்பது அதன் அமைப்பு. சட்டம் வந்த புதிதில் முதல் தடவைக்கு இரண்டு இலட்சம் டொலர், பிறகு வருடத்துக்கு 30,000 என்று இருந்தது. 2020இல் டொலர் தட்டுப்பாடு தொடங்கியதும் அமைச்சரின் கட்டளைகள் மூலம் இந்த உச்சவரம்பை வெட்டினார்கள். அதன்பிறகும் வர்த்தமானியில் அது அவ்வப்போது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே போன வருடம் போன மச்சான் சொன்ன தொகையை நம்பவேண்டாம். நீங்கள் விண்ணப்பிக்கிற கிழமை என்ன தொகை என்று வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் கேளுங்கள். எல்லாக் கிளையிலும் இதை விளங்கினவர்கள் இருக்கமாட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கிளை ஒன்றுக்குப் போவது நல்லது.

இந்தப் பணம் போகிற வழிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு என்று பெயர். வைப்பை முறித்த காசு, ஈபிஎப் காசு, காணி விற்ற காசு எல்லாம் இதற்குள் வந்து, இதிலிருந்து வெளியே போகும். போகுமுன் இதைத் திறந்துவிடுங்கள், இரண்டு பேருக்கும் தனித்தனியாக. குடிபெயர்வுப் படி ஆளுக்குக் கணக்கு என்பதால், எல்லா வைப்பும் உங்கள் பெயரில் மட்டும் கிடந்தால் மனைவியின் உரிமை சும்மா கிடக்கும். யாழ்ப்பாணத்தில் இது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: காசு கணவன் பெயரில், காணியும் நகையும் மனைவி பெயரில். அவருடைய சம்பளச் சேமிப்பும் பணிக்கொடையும் அவர் பெயரிலேயே வரட்டும். அதை உங்கள் கணக்குக்கு மாற்றி ஒன்றாக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் இப்போதே திறந்து வையுங்கள்: தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு. பழைய ஆட்கள் இன்னும் என்ஆர்எப்சி என்றுதான் சொல்வார்கள். உங்கள் ரூபாயை மாற்றி இதற்குள் போட முடியாது. வெளியிலிருந்து வருகிற டொலர்தான் இதற்குள் வரும். அப்படியானால் போகிற எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நாளைக்கு மகளோ நீங்களோ வீடு திருத்துவதற்கென்று கனடாவிலிருந்து 20,000 டொலர் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அதைச் சாதாரண ரூபாய்ச் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினால் அது ரூபாயாகிவிடும். மிஞ்சியதைத் திருப்பி எடுக்க மறுபடி அந்தக் குடிபெயர்வுப் படியின் வரிசையில் நிற்கவேண்டும். இந்தக் கணக்குக்கு அனுப்பி, தேவைப்படத் தேவைப்பட ரூபாயாக்கினால், மிச்சம் டொலராகவே திரும்பிப் போகும். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

நிதிக் கம்பனி வைப்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முதிர்ந்ததும் எடுங்கள், பயணத்துக்கு முன் முதிராது என்றால் வட்டி வெட்டினாலும் முறித்து எடுங்கள். வங்கியாக இருந்தாலும் நிதிக் கம்பனியாக இருந்தாலும், வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான் தரும். 2020இல் மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தபோது அந்த வரம்பு 6 இலட்சமாக இருந்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் அலைந்த அலைச்சல் ஊர் அறியும். கடல் தாண்டிப் போய் நின்று அந்த அலைச்சலை அலைய முடியாது. இங்கே எங்காவது வைத்துவிட்டுப் போகத்தான் வேண்டும், நித்திரை கெடக்கூடாது என்றால் தேசிய சேமிப்பு வங்கி இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் அதன் சட்டப்படி வைப்புக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம்.

இனி ஈபிஎப். தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஈரிஎப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் எடுக்கலாம் என்பது பொது விதி. ஆனால் நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் வயது வராமலே எடுக்கலாம். நீங்கள் அந்தப் பிரிவுக்குள் வருகிறீர்கள். 'இன்னும் இரண்டு வருடம் கிடந்தால் வட்டி வருமே' என்று நினைப்பீர்கள். ஈபிஎப் வட்டி வங்கி வட்டியைவிட மோசமில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் இப்போதே எடுங்கள் என்பேன். விண்ணப்பத்துக்கு வேலை கொடுத்தவரின் உறுதிப்படுத்தல் வேண்டும். இன்றைக்கு உங்கள் கம்பனி இருக்கிறது, கையெழுத்து வைக்கிறவர் உங்களைத் தெரிந்தவர். இரண்டு வருடம் கழித்து அந்த நாற்காலியில் யார் இருப்பார்களோ. கே படிவத்தை நிரப்பி, பாஸ்போட், விசாப் பிரதிகளோடு யாழ்ப்பாணத் தொழில் திணைக்களத்தில் கொடுங்கள். கொடுக்குமுன் மத்திய வங்கி அனுப்பிய மீதிக்கூற்றை எடுத்து வருடம் வருடமாகப் பாருங்கள். நீங்கள் கணக்காளர், நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொந்தக் கணக்கை மட்டும் பார்க்காத கணக்காளர்கள்தான் அதிகம். இடையில் மாதங்கள் விடுபட்டிருந்தால் கம்பனியோடு இப்போதே பேசலாம். இதற்கு முன் வேறு இடத்தில் வேலை செய்திருந்தால் அங்கே உங்களுக்கு வேறு ஒரு அங்கத்துவ இலக்கம் இருக்கும். அதுவும் தனிக் காசு. ஈரிஎப்புக்கு வேறாக விண்ணப்பிக்கவேண்டும். பணிக்கொடையையும் மறக்காதீர்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம். இது கம்பனி தரவேண்டிய கடன்; நீங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

மனைவியின் பென்சனுக்கு வருகிறேன். அது இல்லாமல் போகிற முதல் இடம், வேலையை விடுகிற விதம். 55 வயது முடிந்த அரச ஊழியர் தன் விருப்பத்தில் ஓய்வு பெறலாம். கட்டாய ஓய்வு 60இல். அவர் ஓய்வு பெறுவதற்கு விண்ணப்பிக்கவேண்டுமே தவிர, அவசரத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடக் கூடாது. டிக்கெட் போட்டாச்சு என்று சொல்லாமல் கொள்ளாமல் போய், 'பதவியை விட்டு நீங்கினார்' என்று கோவையில் எழுதப்பட்டால் முப்பது வருடச் சேவை காற்றோடு போய்விடும். அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் இன்றைக்கே போங்கள். சம்பளமில்லா விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நிரந்தரமாகப் போவது உறுதி என்றால் அது தேவையில்லாத சுற்று. இடர்கடன் மாதிரி ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் கேட்டு அறியுங்கள், பணிக்கொடையில் கழிப்பார்கள். நாலு மாதத்தில் ஓய்வூதியக் கோவை முடியாமல் போகலாம். அப்படியானால் நீங்கள் முதலில் போய், அவர் விசா கெடுவுக்குள் பின்னால் வருவதைப் பற்றியும் யோசியுங்கள். ஒரு விமான டிக்கெட் மாற்றுகிற செலவு ஆயுள் முழுக்க வருகிற பென்சனுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

இரண்டாவது இடம், உயிர்வாழ் சான்றிதழ். வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்பது பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஊரில் இருந்தால் கிராம சேவகரோடு முடிகிற வேலை. அங்கே இருந்தால் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலோ ஒட்டாவாவில் உள்ள உயர்ஸ்தானிகராலயத்திலோ அத்தாட்சிப்படுத்தி அனுப்பவேண்டும். அது வராவிட்டால் பென்சனை நிறுத்தி வைப்பார்கள். பிறகு கொடுத்துச் சரிப்படுத்தலாம், ஆனால் யாரோ ஒருவர் செயலகத்துக்கு நடக்கவேண்டும். பென்சன் விழுகிற வங்கிக் கணக்கு இங்கே உயிரோடு இருக்கவேண்டும் என்பதும் இதிலேயே அடங்கும். நான் மேலே சொன்ன 'இங்கே செலவழியப்போகிற ரூபாய்' இருக்கிறதே, அதற்கு இந்தப் பென்சனே போதும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நிலையான வைப்பு ஒன்றையும் இங்கே விடவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

கணக்கை உயிரோடு வைப்பது என்றேன். கொஞ்சக் காலம் தொடாவிட்டால் வங்கி அதைச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கும். பத்து வருடம் வாடிக்கையாளர் ஒரு கொடுக்கல் வாங்கலும் செய்யாவிட்டால் காசு மத்திய வங்கிக்குப் போய்விடும். உரியவர் வந்து கேட்டால் தருவார்கள், ஆனால் அது ஒரு தனிக் கதை. இன்னும் கிட்டத்தில் இருக்கிற ஆபத்து உங்கள் சிம். வங்கி அனுப்புகிற ஓரிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் செத்து, பிறகு அது வேறு யாருக்காவது விற்கப்படும். ரோமிங் வேலை செய்கிறதா என்று இங்கே இருக்கும்போதே பாருங்கள், வங்கியில் மின்னஞ்சலையும் பதியுங்கள், மாதாமாதம் ரீலோட் போடுகிற பொறுப்பை ஒரு ஆளிடம் கொடுங்கள்.

பெயர்ப் பிரச்சினையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் இரண்டு முதலெழுத்தும் பெயரும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுவதாக, ஒரு எழுத்துக் கூடவோ குறையவோ. பாஸ்போட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி முன்னுக்கு வந்திருக்கும். மனைவி கலியாணத்துக்கு முன் திறந்த புத்தகத்தில் தகப்பனுடைய முதலெழுத்து, சம்பளக் கணக்கில் கணவனுடையது. இலங்கைக்குள் இருக்கும்வரை கவுண்டரில் இருப்பவருக்கு முகம் தெரியும், சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். கனடா வங்கிக்கு இலங்கையிலிருந்து ஒரு பெயரில் காசு போய், அங்கே கணக்கு இன்னொரு பெயரில் இருந்தால் பணம் தொங்கும், அல்லது திரும்பி வரும். எல்லாப் புத்தகத்தையும் பாஸ்போட்டையும் மேசையில் பரப்பி வைத்து ஒரு பின்னேரம் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் உள்ள கணக்குகளைப் பாஸ்போட்டுப் பெயருக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாததற்குச் சமாதான நீதவானிடம், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து மூலப்பிரதியைக் கையோடு கொண்டு போங்கள்.

மிச்சம் விடுகிற கணக்கை இரண்டு பேர் பெயரிலும், இருவரில் ஒருவர் கையெழுத்தோடு இயக்கும்படி மாற்றி, நொமினியும் போட்டுவிடுங்கள். நொமினி இல்லாமல் ஒருவர் கண்ணை மூடினால் மற்றவர்கள் மாவட்ட நீதிமன்றம் ஏறவேண்டி வரலாம். 'தம்பிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருக்கிறேன், அவன் பார்ப்பான்' என்று நம்பியிருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கொடுத்தவர் இறந்த அந்த நிமிடத்தோடு அற்றோணித் தத்துவமும் முடிந்துவிடும். அதன்பிறகு தம்பி அந்தக் கணக்கில் கை வைத்தால் அது சட்டவிரோதம். கொடுப்பதானாலும், எல்லா அதிகாரமும் கொடுக்கிற பொதுத் தத்துவம் வேண்டாம். இன்ன கணக்கை இயக்கலாம், வீட்டை வாடகைக்கு விடலாம், வரி கட்டலாம் என்று எழுதி, விற்கவும் ஈடு வைக்கவும் நன்கொடை எழுதவும் அதிகாரம் இல்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உறவின்மேல் சந்தேகம் என்று யாரும் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். வங்கியில் கொடுத்து அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று பயணத்துக்கு முன்பே பாருங்கள். ஒவ்வொரு வங்கியின் சட்டப் பிரிவும் ஒவ்வொரு விதமாகக் கேள்வி கேட்கும்.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விற்கிற யோசனை இருந்தால் இரண்டு விஷயம். சீதன வீடாக இருந்தால் அது மனைவியின் சொத்து. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, அசையாச் சொத்தை விற்க அவருக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நீங்கள் கனடாவிலும் அவர் இங்கேயுமாக நின்றால் உறுதி முடிக்கிற நேரத்தில் இழுபடும். அடுத்தது, சகோதரர்களோடு பங்குக் காணியாக இருந்தால் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்ட முறைப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுத்துக் காத்திருக்கவேண்டும். நாலு மாதத்தில் அவசரப்பட்டு விற்றால் விலையும் அவசர விலைதான். விற்காமல் விட்டாலும் ஒரு வேலை செய்யுங்கள்: அனுமதி பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு, நீங்கள் கனடாவில் இறங்குகிற காலத்துத் திகதி போட்டு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுங்கள். கனடா வரிச் சட்டம், நீங்கள் அங்கே வதிவாளரான நாளில் உங்கள் வெளிநாட்டுச் சொத்தை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகக் கணக்கில் எடுக்கும். பத்து வருடம் கழித்து விற்றால் அந்த நாளுக்குப் பிறகு ஏறிய இலாபத்துக்குத்தான் வரி. அந்த நாள் விலைக்குக் கடதாசி இல்லாவிட்டால் வாதாடவேண்டி வரும்.

கனடா வரி என்றதும் இன்னொன்று. அங்கே வதிவாளரானதும் உலகத்தில் எங்கே வருகிற வருமானமும் அங்கே காட்டவேண்டியதுதான். கொக்குவில் வீட்டு வாடகை, இங்கே விட்ட வைப்பின் வட்டி, மனைவியின் பென்சன் எல்லாம் அதற்குள் வரும். வட்டியை எடுக்காமல் வைப்போடு சேர்த்துவிட்டேன் என்பது சாட்டு ஆகாது. இங்கே வங்கி வட்டியில் பிடிக்கிற வரி 2025 ஏப்ரல் முதல் 5இலிருந்து 10 சதவீதம் ஆகிவிட்டது. அந்தப் பற்றுச்சீட்டை வைத்திருந்தால் கனடாவில் கழிவு கேட்கலாம். இரண்டு நாட்டுக்கும் இடையில் 1982இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு இல்லாத வெளிநாட்டுச் சொத்து, வைப்பும் வாடகை வீடும் சேர்த்து, அடக்க விலை ஒரு இலட்சம் கனடா டொலரைத் தாண்டினால் ரி-1135 என்ற படிவம் கொடுக்கவேண்டும். முதன்முதலில் வதிவாளரான வருடத்துக்கு விலக்கு உண்டு, அதற்குப் பிறகு இல்லை. பிந்தினால் நாளுக்கு 25 டொலர்படி 2,500 வரை தண்டம். இதைச் சொன்னால் 'யாருக்குத் தெரியப்போகிறது' என்பார்கள். நான் அந்த வழிக்கு ஆளில்லை.

அங்கே கிடைக்கப்போகிற முதுமைக் கொடுப்பனவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். 18 வயதுக்குப் பிறகு கனடாவில் பத்து வருடம் வசித்தால்தான் 65 வயதில் ஓஏஎஸ் கிடைக்கும். முழுத் தொகைக்கு 40 வருடம். 53இல் போகிற உங்களுக்கு 65இல் 12 வருடம், அதாவது நாற்பதில் பன்னிரண்டு பங்கு. 55இல் போகிற மனைவிக்கு 65இல் சரியாகப் பத்து, கால் பங்கு. அவருக்கு இடம் ஒன்றும் மிச்சமில்லை என்பதைக் கவனியுங்கள். குளிருக்குப் பயந்து ஊரில் வந்து நீண்ட காலம் நின்றால், 65இல் வரவேண்டியது தள்ளிப்போகலாம். கடைசிக் காலத்தில் கொக்குவிலுக்கே திரும்பி வருவோம் என்று நினைத்திருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கனடாவில் 20 வருடம் வசிக்காதவர் நாட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் ஓஏஎஸ் நின்றுவிடும். நீங்கள் அங்கே வேலை செய்து கட்டுகிற சிபிபி, அதாவது கனடா ஓய்வூதியத் திட்டம், அப்படியல்ல. சிறிய தொகையாக இருந்தாலும் எங்கே இருந்தாலும் வரும். அதனால் ஒரு சின்ன வேலையாக இருந்தாலும் கணக்கில் வருகிற வேலையாகச் செய்யுங்கள். லண்டன் பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு: பத்து வருடம் கட்டினால் அரச ஓய்வூதியம் தொடங்கும், 35இல் முழுமை. ஆனால் இலங்கைக்குத் திரும்பி வந்து வாங்கினால் வருடாந்த உயர்வு கிடைக்காது, தொகை அப்படியே உறைந்து நிற்கும். அங்கிருந்து வந்து இங்கே ஆறுதலாக இருக்கலாம் என்று வந்த பலருக்கு இது வந்தபிறகுதான் தெரிகிறது.

உண்டியல் பற்றியும் யாராவது காதில் போடுவார்கள்: வங்கியில் இவ்வளவு கடதாசி எதற்கு, இங்கே ரூபாயைக் கொடுத்தால் அங்கே அன்றைக்கே டொலர் என்று. போர்க்காலத்தில் வேறு வழியில்லாமல் அதனால் பிழைத்த குடும்பங்கள் இருக்கின்றன, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு அது வேண்டாம். சட்டத்துக்கு மாறு என்பது ஒருபுறம் இருக்க, அங்கே ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டப் போகும்போது வங்கியும் சட்டத்தரணியும் இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஈபிஎப் கடிதம், வைப்பு முறித்த பற்றுச்சீட்டு, வங்கி அனுப்பிய தந்திப் பரிமாற்றப் பிரதி ஆகிய மூன்றும் ஒரே கோவையில் இருந்தால் பதில் ஒரு நிமிடம். கையில் காசாகக் கொண்டு போவதையும் குறையுங்கள். 10,000 கனடா டொலரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே இறங்கும்போது சுங்கத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் வரி ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால்தான் பறிப்பார்கள். நகைக்கும் படம் எடுத்து, நிறை, பெறுமதி போட்ட பட்டியல் ஒன்றை இறங்கும் நாளில் காட்டுங்கள். பிறகு கொண்டுவருகிற நகைகளையும் அதே பட்டியலில் 'பின்னால் வரும்' என்று எழுதிவிட்டால் அடுத்த பயணத்தில் கேள்வி குறையும்.

பிணை வைத்த கடன் ஏதாவது இருக்கிறதா? நம் ஊரில் கூட வேலை செய்தவருக்கு, மச்சானுக்கு என்று கையெழுத்து வைக்காதவர் குறைவு. கிறிப் என்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை ஒன்று எடுத்துப் பாருங்கள். நீங்கள் மறந்த பிணையெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் போனபிறகு அவர் கட்டாவிட்டால் வங்கி உங்கள் இங்குள்ள கணக்கைத்தான் பார்க்கும். வேறு பிணையாளரைப் போட்டு உங்களை விடுவிக்கச் சொல்லிக் கடன்காரரோடு போய் வங்கியில் கேளுங்கள்.

கடைசியாக அந்தச் சீட்டு. வைப்புக்கு இருக்கிற மாதிரிக் காப்புறுதி இதற்கு இல்லை, அதனால் இதைத்தான் முதலில் முடிக்கவேண்டும். சீட்டை நடத்துகிற தாய்ச்சீட்டுக்காரரிடம் நேரே போய் விஷயத்தைச் சொல்லி, அடுத்த ஏலத்திலேயே கழிவு கூடினாலும் கேட்டு எடுத்துவிடுங்கள். மிச்சத் தவணையைக் கையோடு கட்டி முடியுங்கள். அல்லது உங்கள் இடத்துக்கு வேறு ஒருவரை விட்டு, கட்டிய காசை அவரிடம் வாங்குங்கள். 'நீங்கள் போங்கோ அண்ணை, எடுத்து அனுப்பிவிடுகிறன்' என்று தாய்ச்சீட்டுக்காரர் சொல்வார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.